குன்றிமணிப் பக்கம் சாய்ந்த முள்

அன்புள்ள ஆச்சி,

நேற்று கடைக்கு எலக்ட்ரானிக் தராசு வந்து இறங்கியது. அதற்கு இடம் செய்யப் பழைய மேசையை நகர்த்தினோம். டிராயருக்குப் பின்னால் விழுந்து கிடந்த மூக்குப்பொடி டப்பா ஒன்று தரையில் உருண்டது. எனக்குப் பொடிப் பழக்கம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். திறந்து பார்த்தேன். உள்ளே சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு பித்தளைத் தோட்டாக் கூடு, கூடவே ஐந்து குன்றிமணி. சிவப்பு இன்னும் மங்கவில்லை. கூட்டை எடுத்து முகர்ந்தேன். சுட்டுக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகிறது. வெடிமருந்து வாசனை அதில் இருக்க வழியில்லை. எனக்கு வந்தது. அதன் பின்னாலேயே உங்கள் குரலும் வந்தது: "என்ன ராவுத்தரே, பொடி போடப் பழகிட்டீகளா?"

கடைப் பையன்கள் முன்னால் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னால் பாதிதான் விளங்கும். முழுவதும் தெரிந்த ஒரே ஆளுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் கானாடுகாத்தானில் உங்கள் வீட்டு வாசலில் முதன்முதலாக வந்து நின்றது துப்பாக்கிக்காக அல்ல, விதைக்கடலைக்காக. திருப்பத்தூர் சந்தையில் சாக்கு விரித்து, கைத்தராசில் வறுகடலையும் புளியும் நிறுத்து விற்றுத்தான் நான் தலையெடுத்தேன். அறுபதுகளின் நடுவில், அந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு கடலை மண்டி போட்டிருந்தேன். நல்ல விதைக்கடலை என் கடையில்தான் கிடைக்கும் என்று பேர் வாங்கிவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்பது என் கணக்கு. கண்மாய்க் கரையை ஒட்டிய உங்கள் செம்மண் புஞ்சைக் காட்டுக் கடலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். விளைச்சலை மொத்தமாகப் பேசி வைத்துக்கொள்ள வந்தேன்.

உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் சொன்ன முதல் வார்த்தை இது: "நரி தின்னது போக மிச்சம்னா பேசலாம்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"போன வருசம் மூணுல ஒரு பங்கு அதுக தோண்டித் தின்னுருச்சுக. இந்த வருசம் குட்டிகளும் சேந்திருக்கு. நரி முகத்துல முழிச்சா நல்லதும்பாக. எங்க காட்டுல தினம் ஏழு முகத்துல முழிக்கிறேன், ஒரு நல்லதையும் காணோம்."

"காவலுக்கு ஆள் போடலாமே ஆச்சி?"

"போட்டிருக்கேனே, கருப்பையாவ. விடிய விடிய டின்னத் தட்டுறாரு. இப்ப அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் நரிக சாப்பிடவே வருதுக."

உங்கள் காட்டைப் பார்த்துக்கொண்ட கருப்பையா அப்போது வாசற்படியில்தான் நின்றார். "பழகிருச்சுக ஆச்சி" என்றார், தன் வீட்டு மாட்டைச் சொல்வது போல.

பிறகுதான் உள்ளே போய் அந்தத் துப்பாக்கியை எடுத்துவந்தீர்கள். மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் உங்கள் வீட்டுச் செட்டியார் வாங்கியது. மெல்லிய குழல். அதன் துவாரத்தில் பென்சில்கூட நுழையாது. கன்றுகளைக் கடிக்கும் அணிலுக்கும் முள்ளம்பன்றிக்கும் அவர் வாங்கினார், சுட்டது என்னவோ நீங்கள். அவர் காலமானதும் கப்பல் சாமான்களோடு அதையும் முறைப்படி கொண்டுவந்து, பயிர்க் காவலுக்கு என்று உங்கள் பெயரிலேயே லைசென்ஸ் எடுத்திருந்தீர்கள். "ஆபீசுல, யாரும்மா சுடப்போறதுன்னு கேட்டாக. உங்க முன்னாடி நிக்கிறவதான்னு சொன்னேன். பேனாவ மூடிட்டு ஒரு தடவ நிமுந்து பாத்தாரு" என்றீர்கள்.

சிக்கல் தோட்டாவில் இருந்தது. அந்த அளவுத் தோட்டா மதுரையில் கிடைக்கவில்லை, மெட்ராசிலும் கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் சுட்ட கூடு ஒன்றையும் எறிந்ததில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தீர்கள். மருந்தும், கூட்டின் அடியில் பொருத்தும் கேப்பும் லைசென்சில் எழுதி வாங்கியவை, பெட்டியில் பத்திரமாக இருந்தன.

"வீட்டுலயே அடைச்சுக்கிறலாம். ஒரே ஒரு சங்கடம். முன்னூறு அடி தள்ளி நிக்கிற நரியோட காது எனக்குத் தெரியும். கைக்குள்ள இருக்கிற தராசு முள்ளு தெரியல. கண்ணாடி போட்டா முள்ளு ரெண்டாத் தெரியுது. தராசு பிடிச்சுப் பழகுன கை ஒண்ணு வேணும் ராவுத்தரே."

என் கடலையை நரி தின்னாமல் இருக்க நானே தோட்டா அடைத்துக் கொடுப்பது எனக்கு லாபமான ஏற்பாடாகத்தான் பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வந்தேன்.

ஆச்சி, நான் எத்தனையோ தொழிற்கூடங்களைப் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டு இரண்டாங்கட்டு முற்றத்து மேசை அளவுக்குச் சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை. முந்தின நாளே கூடுகளைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கல்யாணப் பந்திக்கு இலை போட்டது போல வரிசையாக நிறுத்தியிருந்தீர்கள். குண்டு வார்ப்பதைக் கொல்லைப்புறத்தில் தனியாக முடித்திருந்தீர்கள். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த ஈயத்தகட்டை உரித்து, இரும்புக் கரண்டியில் உருக்கி, அச்சில் ஊற்றி, தேன்மெழுகு தடவி எடுத்த குண்டுகள். அடுப்பு அணைந்து சாம்பல் ஆறிய பிறகுதான் மருந்து டப்பா வெளியே வரும். விளக்குக் கூடாது, பகல் வெளிச்சம்தான். கருப்பையா பீடிக்கட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

பாக்குவெட்டி போன்ற ஒரு கருவி உங்களிடம் இருந்தது. பழைய கேப்பை அதனால் தட்டி எடுப்பீர்கள், புதுக் கேப்பை அதனாலேயே அழுத்துவீர்கள். அடுத்தது என் வேலை. மருந்தை நிறுத்துக் காகிதப் புனலில் கூட்டுக்குள் கொட்ட வேண்டும். நீங்கள் மேலே குண்டை வைத்து அழுத்தினால் தோட்டா முடிந்தது. நிறுக்க எடுத்தது உங்கள் வீட்டு நகைத் தராசு, படிக்கல்லுக்குக் குன்றிமணி. எத்தனை என்று மருந்து டப்பா மூடியில் உங்கள் கையெழுத்தில் இருந்தது.

"கூடுனா துப்பாக்கி நம்ம மூஞ்சிக்கு வந்துரும். குறைஞ்சா நரிக்குச் சிரிப்பு. முள்ளு நட்ட நடுவுல நிக்கணும், ஆமா."

"ஆச்சி, தராசப் பத்தி எனக்கா சொல்றீக?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

இருபது தோட்டா அடைத்தோம். மறுநாள் விடியும் நேரத்தில் கண்மாய்க் கரையில் பாயை விரித்து, மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துக் குப்புறப் படுத்தீர்கள். வெள்ளைச் சேலைமேல் கருப்பையாவின் காக்கிச் சட்டை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். காட்டின் மறுகோடியில் நரி ஒன்று தலையைக் குனிந்து தோண்டத் தொடங்கியது. சுட்டீர்கள். நரிக்கு முன்னால் நாலு விரல் தூரத்தில் செம்மண் தெறித்தது. நரி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டது. இரண்டாவது தோட்டாவும் அதன் காலுக்கு முன்னால். மூன்றாவதும் அப்படியே. மூன்றாவதற்குப் பிறகு நரி போனது, ஆனால் ஓடவில்லை, நடந்துதான் போனது.

"டின்னுச் சத்தமே தேவலைன்னு போகுது" என்றார் கருப்பையா.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் நான்கு தோட்டா. எல்லாம் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் கீழே. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"கண்ணு போயிருச்சு ராவுத்தரே. பக்கத்துப் பார்வை போச்சு, இப்ப தூரமும் போச்சு. மகன் மெட்ராசுலேருந்து எழுதிக்கிட்டே இருக்கான், வீட்டப் பூட்டிட்டு வாங்க, ஒத்தையில அங்க என்ன பண்றீகன்னு. நாந்தான் என் காட்ட நானே பாத்துக்கிருவேன்னு வீம்பா உக்காந்திருந்தேன். இனி என்ன வீம்பு? வர்ற திங்கக்கெழம போயி இதை ஒப்படைச்சிட்டு, காட்டக் குத்தகைக்கு விட்டுட்டுக் கெளம்புறேன்."

கருப்பையா பாயைச் சுருட்டினார்.

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்கிறேன் ஆச்சி. இரண்டாம் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் கண்மேல் அல்ல, என் கைமேல்.

சந்தையில் கைத்தராசு பிடிக்கிறவனுக்குச் சுண்டுவிரல் ஒரு தனி ஆள். சரக்குத் தட்டின் கயிற்றில் அது லேசாகச் சாய்ந்திருக்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு முள் நடுவில் நிற்கும், சரக்கு கொஞ்சம் குறைந்து போகும். பத்து வருஷம் அப்படித்தான் நிறுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, அப்படித்தான் நிமிர்ந்தேன். ஆனால் மருந்தில் திருட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அல்லா அறிய நினைக்கவில்லை. விரல் என்னைக் கேட்காமலே தன் வேலையைப் பார்த்துவிட்டது. இருபது தோட்டாவிலும் மருந்து குறைவு. குண்டு போய்ச் சேருவதற்குள் தாழ்ந்துவிடுகிறது.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய் வியாபாரியாகவே யோசித்தேன். வாயை மூடிக்கொண்டால் நீங்கள் மெட்ராஸ் போய்விடுவீர்கள், கடலையை நரி தின்றுவிடும். சொன்னால், தன் தராசில் கள்ளம் உள்ளவன் என்று தானே சொன்னவனுக்கு எந்த ஆச்சி விளைச்சலை நிறுத்துக் கொடுப்பார்? இரண்டு வழியிலும் எனக்கு நஷ்டம். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். சத்தம் போடாமல் இன்னொரு தடவை சரியாக அடைத்துக் கொடுத்துவிடுவது. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றேன். "ஆச்சி, ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு அஞ்சு தோட்டா அடைச்சுப் பாப்பமா?"

"எதுக்கு? குண்டுக்கா கண்ணு தெரியல?"

"சும்மா ஒரு ஆசைக்கு."

என் முகத்தைப் பார்த்தீர்கள். பக்கத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பியது என் முட்டாள்தனம். தோட்டாச் சாமான்களை மேசையில் எடுத்து வைத்தீர்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மருந்து நிறுத்தேன். முள் நடுவில் நின்றது. "சரியா இருக்கு ஆச்சி" என்றேன்.

"கொட்டாதீக. அப்படியே எங்கிட்டக் குடுங்க."

இரண்டு தட்டிலும் எடை இருந்த தராசை உங்கள் கைக்கு மாற்றினீர்கள். வளையத்தை விரல் நுனியில் தொங்கவிட்டுத் தூக்கிப் பிடித்தீர்கள். தட்டுகள் ஆடி நின்றன. ஒரு பக்கம் மருந்து, மறு பக்கம் குன்றிமணி.

"எனக்கு முள்ளு தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. எங்குட்டு நிக்குது?"

வீட்டில் எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்தது. கருப்பையா வாசலில் பீடியில்லாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் நிற்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, கண் போனவராக ரயில் ஏறியிருப்பீர்கள்.

"குன்றிமணிப் பக்கம் சாயுது ஆச்சி" என்றேன்.

"எம்புட்டு?"

"நல்லாவே."

தராசைக் கீழே வைத்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். கையை நீட்டி, "அந்தச் சுண்டுவெரலக் காட்டுங்க" என்றீர்கள். திருடனைப் பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அப்புறம் ஒரு சிரிப்பு வந்ததே, ஆச்சி. இரண்டாங்கட்டுத் தூண்களில் எல்லாம் பட்டுத் திரும்பிய சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு நிம்மதி என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஏய் கருப்பையா, இங்குட்டு வாரும்! என் கண்ணுக்கு ஒண்ணுமில்லையாம். ராவுத்தர் வெரலுக்குத்தான் நோவு!"

கருப்பையா வந்து பார்த்தார். "நானும் பாத்தேன் ஆச்சி, சந்தையில இவுக கிட்ட வாங்குன கடல வீட்டுக்குப் போறதுக்குள்ள கொறஞ்சு போகும். வழியில நாமதான் தின்னுட்டமாக்கும்னு நெனச்சுக்கிருவேன்."

தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்து, என் சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து நீங்களே கட்டினீர்கள். "இப்ப நிறுங்க" என்றீர்கள். பழைய தோட்டாக்களில் மிஞ்சியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, புதிதாகப் பத்து அடைத்தோம். ஒவ்வொன்றையும் உங்கள் கைக்கு மாற்றி, முள் எங்கே நிற்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் கொட்ட விட்டீர்கள்.

திங்கட்கிழமை நீங்கள் ஆபீசுக்குப் போகவில்லை. விடிகாலையில் கண்மாய்க் கரையில் இருந்தோம். அதே நரி, நடந்து போன அதே திமிரோடு வந்தது. ஒரே சத்தம். இருந்த இடத்திலேயே சாய்ந்தது. நீங்கள் கண்ணைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமல், "காதுக்குப் பின்னாடி" என்று மட்டும் சொன்னீர்கள். கருப்பையா போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். அந்த வாரம் இன்னும் இரண்டு. மீதி நரிகள் கண்மாய்க்கு அந்தப் பக்கம் குடி மாறிவிட்டன.

ஒரு காலை வரப்போரம் கொழுத்த முயல் ஒன்று உட்கார்ந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "ஆச்சி, முயலு!"

"கடலயத் தோண்டுச்சா?"

"தோண்டல. எலயக் கடிக்குது."

"எல போனாப் போகுது. உங்க வீட்டுப் பிரியாணிக்கு எங்க வீட்டு மருந்தா? அதுவும் நிறுத்தது நீங்க!"

முயல் பிழைத்தது.

அறுவடை நாள் வந்தது. காட்டோர வேப்பமரக் கிளையில் பெரிய தராசைக் கட்டித் தொங்கவிட்டோம். பறித்த பெண்கள், கருப்பையா, பக்கத்துக் காட்டுக்காரர்கள் என்று கூட்டம். நீங்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தீர்கள். நான் யாரும் சொல்லாமலே சுண்டுவிரலில் நூல் கட்டிக்கொண்டு போயிருந்தேன். நல்ல பெயர் எடுக்க அது போதும் என்று நினைப்பு. முதல் மூட்டை ஏறியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கே தெரியாமல் என் முழங்கால் மூட்டைக்கு அடியில் போய் அதை லேசாகத் தாங்கிக்கொண்டது. விற்கும்போது சுண்டுவிரல், வாங்கும்போது முழங்கால். அது சந்தைப் பாடத்தின் இரண்டாம் பாகம்.

குடைக்கு அடியிலிருந்து உங்கள் குரல் வந்தது. "ராவுத்தரே, நூலு மிச்சம் இருக்கு. முழங்காலயும் கட்டணுமா?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன், வேறு என்ன செய்ய? பிறகு பத்தடி பின்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். "கருப்பையாண்ணே, நீங்க நிறுங்க. எங்குட்டுச் சாயுதுன்னு நீங்களே சத்தமாச் சொல்லுங்க" என்றேன். அவர் ஒவ்வொரு மூட்டைக்கும் கோயில் ஏலம் போலக் கத்தினார். அந்த வருஷம் நான் நினைத்த லாபம் வரவில்லை. ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் நேராக என்னிடம் வந்து, "எங்களுக்கும் அப்படித் தள்ளி நின்னு நிறுப்பீகளா?" என்று கேட்டார்கள். நிறுப்பேன் என்றேன். அந்தச் சீசனிலேயே என் மண்டிக்கு வண்டிகள் வரிசை கட்டின. நான் நல்லவனாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. இது லாபமான வழி என்று எனக்கு விளங்க உங்கள் துப்பாக்கி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் மெட்ராஸ் போகவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் உங்கள் காட்டை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். எழுபதுகளில் வேட்டைச் சட்டங்கள் இறுகியபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு நீங்களே கொண்டுபோய் ஒப்படைத்தீர்கள். திரும்பி வரும் வழியில் என் மண்டியில் காரை நிறுத்தச் சொல்லி இந்த டப்பாவைக் கொடுத்தீர்கள். "அந்தத் திங்கக்கெழமக் கூடு. வெரலு எப்பவாச்சும் அரிச்சா எடுத்துப் பாருங்க" என்றீர்கள். கண் தெரியாமல் போய் ஒப்படைத்திருக்க வேண்டியவர், கண் நன்றாக இருக்கும்போதே உங்கள் இஷ்டப்படி ஒப்படைத்துவிட்டு வந்தீர்கள். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் உண்டு. கடைசி வரை அந்த வீட்டிலேயே இருந்தீர்கள், அந்த வீட்டிலேயே போய்ச் சேர்ந்தீர்கள்.

நேற்று வந்த தராசில் கயிறு இல்லை, முள் இல்லை, சாய்வதற்கு ஒரு பக்கமும் இல்லை. எண் மட்டும் வருகிறது. சுண்டுவிரலுக்கு அதில் வேலை கிடையாது. மாலையில் டீ வந்தது. கிளாசைக் கையில் எடுத்தேன். கடைப் பையன் ஒருவன் உற்றுப் பார்த்துவிட்டு, "மொதலாளி, சுண்டுவெரல்ல எதும் வலியா? எப்பப் பாத்தாலும் மடக்கியே வச்சிருக்கீக" என்றான்.

அப்போதுதான் நானே பார்த்தேன். விரல் உள்ளங்கைக்குள் மடங்கி, பக்கத்து விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் அறுந்து எத்தனை வருஷம் ஆகிறது. விரலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உங்கள்
ராவுத்தர்